கேட்கும் நாளில் சான்று எங்கே?

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நாளில் எவரும் சான்று கேட்பதில்லை. கேட்கப்படும் நாளில் அது பலரிடம் இருப்பதில்லை. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஆபத்து வளர்கிறது. மாதச் சம்பளம் வாங்குவோர், ஓய்வூதியர், ஒப்பந்தப் பணியாளர், வைப்புநிதி வட்டியை நம்பி வாழும் முதியோர் ஆகியோரில் பலர் ஆவணங்களைச் சேர்க்காமலேயே கணக்கு தாக்கல் செய்கிறார்கள். சிலருக்கு ஆவணம் உரிய காலத்தில் கிடைப்பதில்லை. சிலர் ஆவணமே தேவையில்லை என்று நம்பவைக்கப்படுகிறார்கள். இரண்டின் சுமையும் கடைசியில் வரிதாரர் தலையில்தான் விழுகிறது.

2025-26 நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிந்துவிட்டது. தணிக்கைக்கு உட்படாத சம்பளதாரர்களும் ஓய்வூதியர்களும் அந்த ஆண்டின் வருமானத்துக்குக் கணக்கு தாக்கல் செய்யச் சட்டப்படி கடைசி நாள் ஜூலை 31. இடையில் இருப்பது 4 மாதங்கள். பார்வைக்கு இது போதுமான அவகாசமாகத் தெரியும். ஆனால், ஆவணங்கள் வரிதாரரின் கைக்கு வந்து சேரும் தேதிகளைக் கணக்கிட்டால், அவருக்கு மிஞ்சுவது சில வாரங்களே.

வருமான வரிக் கணக்குடன் எந்த ஆவணத்தையும் இணைக்க வேண்டியதில்லை என்பது இன்றைய நடைமுறை. காகிதக் கட்டுகளோடு வரிசையில் நின்ற காலத்துக்கு முடிவு கட்டிய சீர்திருத்தம் அது. அதை வரவேற்றாக வேண்டும். ஆனால், இணைக்க வேண்டாம் என்று சொன்ன சட்டம், வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோரும் ஒவ்வொரு கழிவுக்கும் சான்று காட்டும் பொறுப்பு வரிதாரருடையது என்ற விதியில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது கேட்கும் நாள் மட்டுமே.

அந்த நாள் எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டும். கணக்கு தாக்கலான நிதியாண்டு முடிந்து 3 மாதங்கள் வரை ஆய்வு நோட்டீஸ் அனுப்பலாம். வருமானம் விடுபட்டதாகக் கருதப்பட்டால், 2025-26ஆம் ஆண்டின் கணக்கை 2030ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை மீண்டும் திறக்கலாம். விடுபட்ட தொகை 50 லட்சம் ரூபாயைத் தொட்டால் இந்தக் காலம் மேலும் 2 ஆண்டுகள் நீளும். இன்று மேசை இழுப்பறையில் கிடக்கும் ரசீது அன்று இருக்குமா என்பதே கேள்வி. கடைகளும் மருந்தகங்களும் தரும் வெப்பத்தாள் ரசீதுகள் நாளடைவில் வெளிறிவிடுகின்றன.

சான்று இல்லாத கோரிக்கைக்குத் தண்டனை கடுமையானது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், அதற்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். தவறான தகவல் தந்ததாக முடிவானால் 200 சதவீதம். எந்த ஆதாரமும் இல்லாத செலவுக் கோரிக்கையைச் சட்டம் இந்த இரண்டாம் இனத்தில் சேர்த்திருக்கிறது. 20,000 ரூபாய் வரியைத் தவிர்க்கக் காட்டிய ஒரு பொய், வரியும் அபராதமுமாக 60,000 ரூபாயாகத் திரும்பி வரும். வட்டி தனி.

மறுபுறம், நேர்மையான வரிதாரரும் சான்று இல்லாததால் இழக்கிறார். பிடிக்கப்பட்ட வரி எவ்வளவு என்று தெரியாதவர் அதைத் திரும்பக் கேட்பதில்லை. தாமதமாகக் கணக்கு தாக்கல் செய்யத் தரப்படும் கெடுவையும் தவறவிட்டவருக்கு ரீஃபண்ட் இல்லை. பின்னாளில் தாக்கல் செய்ய வழிவகுக்கும் புதுப்பித்த கணக்கு முறையில் கூடுதல் வரி கட்டலாமே தவிர, ரீஃபண்ட் கோர முடியாது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுப்போட்டுக் காத்திருப்பதே மீதமுள்ள வழி. அரசுக்குச் சேராத பணம் அரசிடமே தங்கிவிடுவது வரி வசூல் ஆகாது.

இந்த ஆண்டு ஒரு தவறான எண்ணமும் பரவலாக வேரூன்றியிருக்கிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. எனவே கணக்கே தேவையில்லை என்பது அந்த எண்ணம். இது முற்றிலும் தவறு. 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான எல்லை. கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய எல்லை 4 லட்சம் ரூபாய். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் 60 வயதுக்கு உட்பட்டவருக்கு அது 2.5 லட்சம். மூல வரிப் பிடித்தம் 25,000 ரூபாயை எட்டிய 60 வயதுக்கு உட்பட்டவரும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். பங்கு விற்பனையில் கிடைத்த ஆதாயம்போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. வரி இல்லை என்பதும் கணக்கு இல்லை என்பதும் ஒன்றல்ல.

ஆவணத் தட்டுப்பாட்டுக்கு முதல் காரணம், ஆவணத்தைத் தர வேண்டியவர்களின் தாமதம். சம்பளதாரரின் அடிப்படைச் சான்று படிவம் 16. அதை ஜூன் 15ஆம் தேதிக்குள் வழங்கும் கடமை வேலை அளித்தவருடையது. தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஜூலை இரண்டாம் வாரத்திலும் படிவத்துக்காகக் கணக்குப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஊழியர்கள் தனியார் நிறுவனங்களிலும் உண்டு; அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உண்டு. ஊழியர் ஒரு நாள் தாமதித்தால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை தானாக ஏறுகிறது. வேலை அளித்தவர் ஒரு மாதம் தாமதித்தால் கேட்பாரில்லை. இந்தச் சமனின்மை நீடிக்கக் கூடாது.

படிவம் 16 என்ற பெயரில் தரப்படும் எல்லாமே படிவம் 16 ஆகாது. அதன் முதல் பகுதி, பிடித்த வரி அரசுக் கணக்கில் சேர்ந்ததற்கான சான்று. அதை அரசின் வரித்தளத்திலிருந்து மட்டுமே இறக்க முடியும். அலுவலகத்தில் தட்டச்சு செய்து முத்திரை குத்திய சம்பளக் கணக்குத் தாள் அதற்கு ஈடாகாது. சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்த முதல் பகுதி உருவாகவே உருவாகாது. பான் எண்ணில் ஓர் எழுத்து பிழையானால் ஒருவரின் வரி இன்னொருவர் கணக்கில் போய்ச் சேரலாம். திருத்தும் அதிகாரம் வரியைப் பிடித்தவரிடமே இருக்கிறது. வரி கொடுத்தவரிடம் இருப்பது காத்திருப்பு மட்டுமே.

சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. இது குற்றம், சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிடிக்கப்பட்ட வரியை மீண்டும் ஊழியரிடமிருந்தே வசூலிக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 205ஆம் பிரிவில் தெளிவாகச் சொன்னது. நடைமுறையில் கேட்பு நோட்டீஸ் முதலில் வருவது ஊழியரின் பெயருக்கே. வரி பிடிக்கப்பட்டதை நிரூபிக்க அவரிடம் இருப்பவை மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான். வேலையை விட்டு விலகிய பின் அந்தச் சம்பளச் சீட்டுகள் இருந்த நிறுவனத் தளத்துக்குள் அவரால் நுழைய முடியாது. சான்று கையில் இல்லாதவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் தொலைவில்தான் நிற்கிறது.

ஆண்டின் இடையில் வேலை மாறியவர்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. அவர்களுக்கு 2 படிவங்கள் வர வேண்டும். பழைய நிறுவனத்தின் வருமானத்தைப் புதிய நிறுவனத்திடம் தெரிவிக்காவிட்டால், இரண்டு இடங்களிலும் அடிப்படை வரம்பும் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் தரப்பட்டு, பிடித்தம் குறைந்துபோகும். ஒரு படிவத்தை மட்டும் வைத்துத் தாக்கல் செய்யும் கணக்கு, தெரியாமல் செய்தாலும், வருமானத்தை மறைத்த கணக்கே. குறையும் வரிக்கு வட்டியும் சேரும்.

ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் படிவம் 16 கிடைப்பதே இல்லை. அவர்கள் மாதந்தோறும் பெறும் தொகை, சம்பளம் என்றல்லாமல் தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கில் எழுதப்பட்டு, 10 சதவீதம் வரி பிடிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அதற்குரிய சான்று படிவம் 16ஏ. மாதம் 25,000 ரூபாய் பெறும் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் இப்படிப் போகிறது. அவருக்கு வரியே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கணக்கு தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பும். பிடித்ததையே அறியாதவர் எப்படித் திரும்பக் கேட்பார்? ஒரு மாத வருமானத்தைவிட அதிகமான தொகையை இழப்பவர் குறைந்த வருமானக்காரர் என்பதை வரி நிர்வாகம் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதியோரின் சிக்கல் வட்டியில் தொடங்குகிறது. 2025-26ஆம் ஆண்டில் ஒரு வங்கியில் பெறும் வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் மூத்த குடிமக்களிடம் வரி பிடிக்கப்படும். பிடிக்கப்படாத வட்டிக்கு வரியும் இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று கோரும் 15எச் படிவம் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் கருதுகிறார்கள். வட்டி விவரம் வங்கியிலிருந்து வரி நிர்வாகத்துக்குச் சென்றுவிடுகிறது. முதிர்வில் மொத்தமாக வரும் வைப்புநிதிக்கும் ஆண்டுதோறும் வட்டி சேர்ந்ததாகவே வங்கி கணக்குக் காட்டுகிறது. கையில் காசு வராத ஆண்டிலும் அந்த விவரம் போய்ச் சேர்கிறது. இதை விளக்கும் வட்டிச் சான்று, கேட்டு அலைந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்கள் இன்னும் பின்தங்கி நிற்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது; பிற வருமானத் தலைப்பில் வரும். நிலைக்கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு, அல்லது புதிய முறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கழிவு. இறந்தவரின் பெயரிலான வைப்புநிதி, அந்த ஆண்டில் இறக்கும் நாள் வரை அவர் பெற்ற ஓய்வூதியம், அதற்குச் சட்டப்படியான வாரிசு தாக்கல் செய்ய வேண்டிய கணக்கு என ஆவணங்கள் ஒன்றையடுத்து ஒன்று வரிசைகட்டுகின்றன. துயர வீட்டில் இவற்றை எடுத்துச் சொல்ல ஆளில்லை. கருவூலமும் வங்கியும் இதைத் தம் பணியாகக் கருத வேண்டும்.

இரண்டாம் காரணம், முன்கூட்டியே நிரப்பப்பட்ட விவரங்களின் மீதான கண்மூடி நம்பிக்கை. வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை ஆகியவற்றைத் திரட்டித் தரும் ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பயனுள்ள கருவி. முழுமையான கணக்கு அல்ல. இருவர் பெயரிலான வைப்புநிதியின் வட்டி முழுதும் முதல் பெயருக்கே ஏறியிருக்கலாம். பங்கு விற்ற தொகை இருக்கும். வாங்கிய விலை விடுபட்டிருக்கலாம். வாடகை வருமானம் அதில் இடம்பெறாமலே போகலாம். வங்கிப் பாஸ்புத்தகத்தையும் வட்டிச் சான்றையும் பங்குத் தரகரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்காமல் அந்த விவரத்தை ஏற்பது, பிறர் எழுதிய கணக்கில் கையெழுத்திடுவதாகும்.

மூன்றாம் காரணம், அடுக்கடுக்காக மாறும் விதிகள். பழைய முறை, புதிய முறை என இரண்டு வரி முறைகள் ஒருங்கே இருக்கின்றன. புதிய முறை 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்டது. வீட்டு வாடகைப் படி, காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கல்விக் கட்டணம், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி ஆகியவற்றுக்கான சலுகை வேண்டுவோர் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வுக்கும் கடைசி நாள் ஜூலை 31. ஒரு நாள் தவறினாலும் சம்பளதாரருக்குப் பழைய முறை கிடையாது. அத்தனை சான்றுகளும் கையில் இருந்தும் அந்தச் சலுகைகளில் ஒரு ரூபாய் கழிவும் பெற முடியாது. படிவம் 16 தாமதமாக வந்தது என்ற விளக்கம் அங்கே செல்லாது.

கழிவு கோருவோரிடம் கணக்குப் படிவமே இப்போது கூடுதல் விவரம் கேட்கிறது. காப்பீடு என்றால் பாலிசி எண், வீட்டுக் கடன் என்றால் கடன் கொடுத்தவர், கடன் கணக்கு எண், கடன் தொகை என ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வேலை அளித்தவரிடம் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். நன்கொடைக்கு அறநிலையம் தரும் படிவம் 10பிஇ வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு இல்லை. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தினாலும் கழிவு இல்லை. இந்தக் கேள்விகள் தேவையானவை. ஆனால், விடைகளை ஜூலை மாதக் கடைசி வாரத்தில் ஒருவரால் திரட்டிவிட முடியாது.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்குக்குப் பதில் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால், 2025-26ஆம் ஆண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஒரே கோடையில் கடந்த ஆண்டுக்குப் பழைய சட்டப்படியும் நடப்பு ஆண்டுக்குப் புதிய சட்டப்படியும் ஆவணம் சேர்க்க வேண்டிய நிலை. இந்த வேறுபாட்டை எளிய தமிழில் எடுத்துச் சொல்லும் கடமை வரி நிர்வாகத்துடையது.

இத்தனை குழப்பத்துக்கு இடையில்தான் இடைத்தரகர் நுழைகிறார். ஆவணம் வேண்டாம், ஆதாரும் பான் எண்ணும் போதும், பிடித்த வரியை முழுதுமாகத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்பது அவர் தரும் உறுதி. கிடைக்கும் ரீஃபண்டில் ஒரு பங்கு அவருக்குக் கூலி. கட்டாத வாடகை, எடுக்காத காப்பீடு, கொடுக்காத நன்கொடை, இல்லாத நோய் ஆகியவை கணக்கில் ஏறுகின்றன. ஓர் அலுவலகத்தில் ஒருவருக்குப் பணம் வந்தால் மற்றவர்களும் அதே ஆளைத் தேடிப் போகிறார்கள். தொற்றுநோய் பரவுவதுபோல் இது பரவுகிறது.

இதில் மறைந்துள்ள இன்னோர் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. வரித்தளத்தில் தரகர் பதிவது வரிதாரரின் மின்னஞ்சலை அல்ல. தாமே தற்காலிகமாக உருவாக்கிய ஒரு மின்னஞ்சலை. சில நேரம் கைப்பேசி எண்ணும் அவருடையதே. கணக்கு முடிந்ததும் அந்த முகவரி கைவிடப்படுகிறது. பின்னர் வரும் நோட்டீஸ்கள் ஆளில்லாத அந்த முகவரிக்குப் போகின்றன. பதில் சொல்லும் கெடு கடந்து, அபராதம் உறுதியாகி, வங்கிக் கணக்கு முடங்கும்போதுதான் செய்தி வீட்டுக்கு வருகிறது. தரகரை அப்போது தேட முடியாது. கணக்கில் இருப்பது வரிதாரரின் பெயர், பொறுப்பும் அவருடையதே.

கடைசி நாளைத் தள்ளிவைப்பது இதற்குத் தீர்வாகாது. 2025ஆம் ஆண்டில் ஜூலை 31 என்ற கெடு செப்டம்பர் 15 ஆனது. கடைசி நேர நெரிசலால் மேலும் ஒரு நாள் நீண்டு செப்டம்பர் 16 ஆனது. கணக்குப் படிவங்களில் செய்த மாற்றங்களும் அவற்றுக்கான மென்பொருள் தயாராக எடுத்த காலமும் அந்த நீட்டிப்புக்குக் காரணங்கள். கெடு நீண்டதால் சான்று தானாக வந்து சேரவில்லை. வர வேண்டிய ரீஃபண்ட் தள்ளிப்போனதே மிச்சம். நீட்டிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பும் மக்கள் மனத்தில் படிந்துவிட்டது. அந்த எதிர்பார்ப்பே அடுத்த ஆண்டின் தாமதத்துக்கு வித்து.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முதலாவது, வேலை அளிப்போரின் பொறுப்பு. ஜூன் 15க்குள் படிவம் 16 வழங்காத நிறுவனத்துக்கும் அலுவலகத்துக்கும் அபராதம் தானாக விதிக்கப்பட வேண்டும். ஊழியர் புகார் தரும் வரை காத்திருக்கக் கூடாது. வேலையை விட்டு விலகுபவருக்கு விலகும் நாளிலேயே சம்பளச் சீட்டுகளும் பிடித்த வரி விவரமும் தரப்பட வேண்டும். மாநிலத்தில் பெருந்தொகையானோருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் வழங்கும் அரசு நிர்வாகம் இதில் முன்னுதாரணமாக இருக்க வேண்டும். தன் ஊழியருக்கே உரிய நாளில் சான்று தராத அரசு, தனியாரை நோக்கி விரல் நீட்ட முடியாது.

இரண்டாவது, வங்கிகளின் பொறுப்பு. வட்டிச் சான்றையும் வீட்டுக் கடன் சான்றையும் வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டிய நிலை மாற வேண்டும். நிதியாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் அவை தாமாகவே வீடு தேடி வர வேண்டும். வரி நிர்வாகத்துக்கு அனுப்பிய அதே விவரம் கணக்கு வைத்திருப்பவருக்கும் தமிழில் அனுப்பப்பட வேண்டும். இணையவழி வங்கிச் சேவை தெரியாத முதியவருக்குக் கிளையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, மத்திய வரி நிர்வாகத்தின் பொறுப்பு. கணக்குப் படிவங்களும் மென்பொருளும் ஏப்ரல் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். பிடித்த வரி கட்டப்படாவிட்டால் முதல் நோட்டீஸ் பிடித்தவருக்குச் செல்ல வேண்டும். ஊழியருக்குச் செல்லக் கூடாது. ஆண்டுத் தகவல் அறிக்கையில் உள்ள பிழையை வரிதாரர் சுட்டிக்காட்டினால், பதில் தருவதற்கு ஒரு கெடு வேண்டும். அந்தப் பதில் வரும் வரை அபராதமும் வட்டியும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். வரிதாரரின் உரிமையைத் தொடும் எந்த நோட்டீசும் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

நான்காவது, தரகர்களைத் தடுக்கும் பொறுப்பு. ஒரே மின்னஞ்சலும் ஒரே கைப்பேசி எண்ணும் பல வரிதாரர்களின் கணக்கில் பதிவாகும்போது அதைத் தளமே கண்டறிய முடியும். கண்டறிந்து, பணம் வழங்கும் முன்பே வரிதாரரை ஆதாருடன் இணைந்த எண்ணில் எச்சரிக்க முடியும். பிறருக்காகக் கணக்கு தாக்கல் செய்வோர் அனைவரும் தம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். கணக்கில் அந்தப் பெயர் இடம்பெற வேண்டும். பொய்க் கழிவுக்குத் தண்டனை வரிதாரரோடு நின்றுவிடக் கூடாது. அதை எழுதிக்கொடுத்துக் கூலி பெற்றவரும் தண்டனை பெற வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் வட்டத் தலைநகர்களில் இலவச உதவி முகாம் நடந்தால், தரகரிடம் போகும் கூட்டம் பாதியில் திரும்பும்.

குடிமக்களின் கடமையும் இதற்குக் குறைந்ததல்ல. ஆவணம் சேர்ப்பது ஜூலையில் தொடங்கும் வேலையாக இருக்கக் கூடாது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஓராண்டுப் பழக்கமாக வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிரீமியம் ரசீது, கல்விக் கட்டண ரசீது, கடன் சான்று, வட்டிச் சான்று ஆகியவற்றுக்கு வீட்டில் ஒரு கோப்பு வேண்டும். வெப்பத்தாள் ரசீதுகளைக் கிடைத்த அன்றே நகலெடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் கோப்பையும் குறைந்தது 7 ஆண்டுகள் காக்க வேண்டும். பான் எண் ஆதாருடன் இணைந்து செயல்பாட்டில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். செயலிழந்த எண்ணுக்குக் கூடுதல் விகிதத்தில் வரி பிடிக்கப்படும், ரீஃபண்டும் வராது.

வரித்தளத்தின் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் எவரிடமும் தரக் கூடாது. உதவிக்கு ஆடிட்டரை நாடினாலும், பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தம்முடையவையா என்று பார்க்க வேண்டும். தாக்கலான கணக்கின் நகலை வாங்கிப் படிக்க வேண்டும். தாம் கொடுக்காத நன்கொடை அதில் இருந்தால் உடனே திருத்த வேண்டும். தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும், சரிபார்க்கவே படாத கணக்கு செல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

வரி கட்டுவது குடிமகனின் கடமை. கணக்கைச் சரிபார்ப்பது அரசின் உரிமை. அந்த உரிமையை இந்த ஏடு கேள்விக்கு உட்படுத்தவில்லை. சான்று கேட்கும் அதிகாரம் எந்த நிர்வாகத்துக்கு இருக்கிறதோ, அது உரிய நாளில் கிடைக்கச் செய்யும் கடமையும் அந்த நிர்வாகத்துக்கே என்பதை மட்டும் வலியுறுத்துகிறோம். அதிகாரத்தை 5 ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கும் சட்டம், கடமையை ஜூன் 15 அன்றே மறந்துவிடலாகாது.

ஜூலை 31க்கு முன் ஒவ்வொரு சம்பளதாரரின் கையிலும் படிவம் 16 இருக்க வேண்டும். ஒவ்வொரு முதியவரின் கையிலும் வட்டிச் சான்று இருக்க வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்தப் பணியாளரின் கையிலும் பிடித்த வரிக்கான சான்று இருக்க வேண்டும். அவற்றைத் தர வேண்டியவர்கள் தந்தார்களா என்று ஜூன் 16ஆம் தேதி காலையில் வரி நிர்வாகம் கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, வரிதாரரிடம் சான்று கேட்கட்டும்.